தவறு நோட்டு: நீட் எம்டிஎஸ்ஸுக்கு முந்தைய ஆறு வாரம்

மதுரையிலோ சென்னையிலோ பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ்ஸை முடித்துவிட்டு, அதன் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் எம்டிஎஸ்ஸுக்குப் படிக்கவென்று பாம்பனுக்கோ கீழக்கரைக்கோ தொண்டிக்கோ வீடு திரும்புகிறவர்களின் பையைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நாலு நிற ஹைலைட்டர் பூசிய கைடு இரண்டு, சீனியரிடம் வாங்கி ஸ்பைரல் போட்ட நோட்ஸ், செல்போனில் இறக்கிவைத்து ஒருமுறைகூடத் திறக்காத நாற்பது பிடிஎஃப். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "எந்த புக்கைப் பிடிச்சா ரேங்க் வரும்?" அதற்கான நேரம் எப்போதோ போய்விட்டது. கையில் எது இருக்கிறதோ அதுதான் புக். எந்த மாதிரித் தவறுக்கு எந்த மாதிரிப் படிப்பு என்பதை மட்டும் இனி முடிவு செய்தால் போதும்.

முதலில் தேர்வின் கணக்கு. 240 கேள்வி, 3 மணி நேரம், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 960. பார்ட் ஏ-யில் 100 கேள்விக்கு 75 நிமிடம், பார்ட் பி-யில் 140 கேள்விக்கு 105 நிமிடம். பார்ட் ஏ நேரம் முடிந்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்ப முடியாது. (அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இரண்டு பகுதியிலும் வகுத்துப் பாருங்கள், கேள்விக்கு 45 விநாடி. "தெரியும், ஆனா கொஞ்சம் யோசிக்கணும்" என்கிற நிலையில் ஒரு பாடம் இருந்தால் இந்தத் தேர்வைப் பொறுத்தவரை அது பாதி தெரிந்த பாடம்.

திரும்பத் திரும்ப வாசிப்பது இங்கேதான் ஏமாற்றும். மூன்றாம் முறை வாசிக்கும்போது பக்கம் பழகிப்போயிருக்கும். எந்த வரி எந்த மூலையில், எந்த நிறத்தில் என்பதெல்லாம் ஞாபகம் வரும். அதைத் தெரிந்துவிட்டது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசிப்பை நிறுத்திவிட்டுத் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். நமக்கு வேண்டியது ஒரு வாரத்துக்கும் அப்பால் நிற்கிற ஞாபகம்.

ஆகவே முதல் நாள் புத்தகத்தைத் தொடாமல், 240 கேள்வி கொண்ட மாக் டெஸ்ட் ஒன்றை முழுசாக எழுதுங்கள். மதிப்பெண் கேவலமாகத்தான் வரும், வரட்டும். அன்று மாலை ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: தேதி, தலைப்பு, தவறு எதனால். கேள்வியையும் நாலு விடையையும் காப்பி எடுக்க ஆரம்பித்தால் ஒன்றுக்கு நாலு நிமிடம் போகும், மூன்றாம் நாள் நோட்டு மூலைக்குப் போய்விடும். "ராம்ஃபியோர்டு பற்கள், ஓஹெச்ஐ-எஸ் உடன் கலந்துவிட்டது" என்று எழுதினால் போதும் (இரண்டும் பரிசோதனைக்கென்று குறித்த ஆறு பற்களின் பட்டியல்). சந்தேகத்தோடு போட்ட விடைக்குப் பக்கத்தில் எழுதும்போதே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தது சரியாகவே வந்தாலும் நோட்டுக்குள் வர வேண்டும். அதிர்ஷ்டத்தில் வந்த நாலு மார்க் தேர்வன்று வராது.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்து. தெரியாதது 'தெ', மறந்தது 'ம', இரண்டைக் குழப்பிக்கொண்டது 'கு', அவசரத்தில் தவறாக வாசித்தது 'அ'. இந்த எழுத்துதான் முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்.

'அ'வை முதலில் முடித்துவிடலாம், மருந்து சின்னது. "தவிர", "அல்லாதது", "முதலில் செய்வது", "மிக அதிகமாகக் காணப்படுவது" ஆகிய பொருளில் வரும் ஆங்கிலச் சொல் கேள்வியில் இருந்தால், விடைகளைப் பார்க்குமுன் அந்தச் சொல்லை ஒருமுறை உதட்டில் சொல்லிக்கொள்ள வேண்டும். திரையில் கோடு போட முடியாது என்பதால் உதடுதான் பேனா. இதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. அதேசமயம், எல்லாத் தவறையும் "அவசரத்துல போச்சு" என்று இந்தக் கணக்கில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நூற்றில் பத்துக்கு மேல் 'அ' விழுந்தால் நோட்டு பொய் சொல்கிறது என்று பொருள்.

'தெ'வுக்கு ரேஷன் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. பழைய தாள்களில் இரண்டு முறையாவது தலைகாட்டிய தலைப்புக்கு மட்டும் அந்த இடம். ஒரே ஒருமுறை வந்த ஏதோ ஒரு சிண்ட்ரோமுக்காக அரை நாளைக் கொடுப்பதுதான் இந்த ஆறு வாரத்தின் பெரிய விரயம். பார்ட் ஏ-யில் அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரி பக்கம் இந்த விரயம் அதிகம் நடக்கிறது. முதலாம் ஆண்டில் விட்டதை எல்லாம் இப்போது பிடித்துவிடலாம் என்று ஒரு வெறி வரும். அதை விட்டுவிட்டு டென்டல் மெட்டீரியல்ஸ், டென்டல் அனாட்டமி இரண்டையும் கெட்டிப்படுத்துவது லாபம், அவற்றின் பரப்பு சின்னது.

'ம'வுக்கு அட்டை. வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை நாலாக வெட்டினாலே போதும். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், கடற்கரை ஈரக்காற்றுக்கு மை பேனா எழுத்து இரண்டே வாரத்தில் பரவிவிடும். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி, ஒரு விடை. "எஸ்என்ஏ (மேல்தாடை நிலையைக் காட்டும் கோணம்) எத்தனை?" பின்பக்கம் "82 டிகிரி". "நோல்லாவின் பல் வளர்ச்சி வரிசையில் 6-ம் நிலை?" பின்பக்கம் "கிரீடம் முழுமை". ஒரே அட்டையில் வகைப்பாடு முழுவதையும் எழுதினால் பாதி ஞாபகம் வரும், பாதி வராது. அதைச் சரியென்று வைப்பதா தவறென்று வைப்பதா என்றே தெரியாது.

எழுதிய அட்டையை 1, 3, 7, 14-ம் நாட்களில் திரும்பப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்குப் புதிது 25 என்றால், இரண்டு வாரம் கழித்து ஒரு நாளின் சுமை புதியது 25, பழையது 100, ஆக 125. ஓர் அட்டைக்கு 20 விநாடி வைத்தால் 42 நிமிடம், தாங்கும். 50 போட்டவர்கள் பத்தாம் நாள் அட்டைக்கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். 42 நாளில் 28-ம் நாளோடு புது அட்டையை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு எழுதுவதற்கு 14-ம் நாள் பார்வை கிடைக்காது. மொத்தம் 700 அட்டை. பார்க்கக் குறைவுதான், ஆனால் அத்தனையும் உங்கள் தலை நழுவவிட்ட விஷயங்கள்.

'கு'தான் உள்ளதிலேயே கடினம், மார்க் அதிகம் போகும் இடமும் அதுதான். அட்டை இங்கே உதவாது, ஏனென்றால் தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் தெரியும். பப்ளிக் ஹெல்த்தில் பல் எண்களைப் பாருங்கள் (முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது அதில் பல்லின் வரிசை). ராம்ஃபியோர்டு பற்கள் 16, 21, 24, 36, 41, 44. பல்லில் படியும் அழுக்கை அளக்கும் சில்னஸ் - லோ பிளாக் இன்டெக்ஸில் 16, 12, 24, 36, 32, 44. ஓஹெச்ஐ-எஸ்ஸில் 16, 11, 26, 36, 31, 46. மூன்றிலும் ஆறு பல், மூன்றிலும் 16, 36 உண்டு. தனித்தனிப் பக்கத்தில் படித்தால் கடைசிவரை கலங்கும். மூன்றையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வேறுபடும் கட்டங்களை மட்டும் வட்டமிடுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே மாறுவது இரண்டு பல்தான்: 21-க்குப் பதில் 12, 41-க்குப் பதில் 32. ஓஹெச்ஐ-எஸ்ஸில் பிரீமோலார் (முன்கடைவாய்ப்பல்) கிடையாது, முன்பல்லும் முதல் மோலாரும் (கடைவாய்ப்பல்) மட்டும். அதில் 36, 46 இரண்டையும் நாக்குப் பக்கம் பார்க்க வேண்டும், மற்றவற்றை வெளிப்பக்கம். தாளை மூடி வெறும் தாளில் திரும்ப எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பிசகாமல் வந்தால் அந்த வரியை நோட்டில் அடித்துவிடலாம்.

வாய் நோய்களைப் பற்றிய ஓரல் பேத்தாலஜியிலும் இதே வேலைதான். கொப்புளம் போடும் இரண்டு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் ஒரு பத்தி, மியூகஸ் மெம்ப்ரேன் பெம்ஃபிகாய்டு ஒரு பத்தி. பிளவு விழும் இடம்: அங்கே அடிச்செல் அடுக்குக்கு மேலே, இங்கே எபிதீலியம் என்ற மேல்படலத்துக்கு அடியில். எந்தப் புரதத்தின்மேல் தாக்குதல்: அங்கே டெஸ்மோக்ளீன் 3, இங்கே பிபி 180. இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயச் சோதனை): அங்கே மீன்வலை மாதிரி, இங்கே ஒரே கோடு. கண்ணில் சிம்பிளெஃபரான் (இமை கண்ணோடு ஒட்டிக்கொள்வது) வருவது இங்கே. மீன்வலை என்ற உவமையைக் கடற்கரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி படிந்திருப்பதால் கண்ணி கண்ணியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்த நாலில் அடங்காத ஒரு பாடம் உண்டு, டென்டல் மெட்டீரியல்ஸ். அதை எண்களாக மனப்பாடம் செய்கிறவர்கள் தேர்வுக்கூடத்தில் எண்களையே மாற்றிப் போடுவார்கள். அதற்கு 'ஏன்' கேட்டுப் படிப்பதுதான் முறை, அந்த ஏனுக்கு ராமநாதபுரம் கடற்கரையைப்போல வேறு இடம் அமையாது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியில் மரிக்கொழுந்து அகாருக்குப் போகிறது. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட்டுக்குப் போகின்றன. முன்னது சிவப்புப் பாசி இனம், பின்னவை பழுப்புப் பாசி இனம். பல் அச்சு எடுக்கும் இம்ப்ரெஷன் மெட்டீரியலில் ரிவர்சிபிள் (உருக்கித் திரும்ப உறையவைக்கக்கூடியது), இர்ரிவர்சிபிள் (அப்படித் திருப்ப முடியாதது) ஹைட்ரோகொலாய்டு என்று படிப்பது இந்த இரண்டைத்தான்.

நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி (இதே அகார்தான்) காய்ச்சுவதைக் கவனியுங்கள். கொதிக்கும் நீரில்தான் கரைகிறது. தட்டில் ஊற்றி வைத்தால், ஃபிரிட்ஜ் இல்லாமலே வீட்டு வெக்கையில் உறைந்துவிடும். உறைந்தபின் அதே வெக்கையில் உருகுவதில்லை. உறையும் சூடு ஒன்று, உருகும் சூடு வேறு, இதற்குப் பெயர்தான் ஹிஸ்டெரிசிஸ். இது புரிந்துவிட்டால், அச்சுக்கு அகாரைப் பதப்படுத்தும் கருவியான அகார் கண்டிஷனரின் மூன்று தொட்டியும் தானே வரிசைக்கு வந்துவிடும். 100 டிகிரியில் உருக்குகிறோம், 65-ல் உறையாமல் காத்துவைக்கிறோம், வாய் பொறுக்குமளவுக்கு 45 வாக்கில் ஆற்றுகிறோம். வாயில் வைத்தபின் ட்ரேயில் குளிர்நீர் ஓடினால் உறைகிறது.

ஆல்ஜினேட்டில் உருகித் திரும்பும் பேச்சே இல்லை, அங்கே நடப்பது வேதிவினை. கால்சியம் சல்பேட்டிலிருந்து வரும் கால்சியம் முதலில் சோடியம் பாஸ்பேட்டைத்தான் தேடிப் போகும். பாஸ்பேட் தீர்ந்த பிறகே ஆல்ஜினேட்டைப் பிடிக்கும். பாஸ்பேட் தீரும்வரை உள்ள அவகாசம்தான் நம் வொர்க்கிங் டைம், பாஸ்பேட் ரிட்டார்டர் (தாமதப்படுத்துவது) ஆனது அதனால். தண்ணீர் சூடு 10 டிகிரி ஏறினால் செட்டிங் டைம் ஏறத்தாழ ஒரு நிமிடம் குறையும். சித்திரை மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை அப்படியே பவுலில் பிடித்துக் கலக்கினால், ட்ரேயில் ஏற்றுவதற்குள் கலவை ரப்பராகிவிடும். ஊர் கிளினிக்கில் ஒரு சாயங்காலம் கூட நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடுத்த இம்ப்ரெஷனைத் தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும், வெளியே வைத்தால் நீர் கசிந்து சுருங்கும். ஈரத்துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் (ஜிப்சம் மாவுக் கலவை) ஊற்றச் சொல்வது இதனால்தான். ஒரு காரணத்திலிருந்து குறைந்தது ஐந்து கேள்விக்கு விடை வருகிறது.

கணக்குக் கேள்விகளுக்கு விடையை மனப்பாடம் செய்யாமல் எடையை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அட்ரினலின் சேர்ந்த லிக்னோகெய்ன் (மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து) கிலோவுக்கு 7 மில்லிகிராம், உச்சம் 500. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம், ஆக 21 மில்லி. இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். 1:80,000 என்றால் ஒரு மில்லியில் அட்ரினலின் 12.5 மைக்ரோகிராம். ஆரோக்கியமான ஆளுக்கு எல்லை 200 மைக்ரோகிராம், அது 16 மில்லியிலேயே முடிந்துவிடுகிறது. இதய நோயாளிக்கு எல்லை 40, அதாவது 3.2 மில்லி. எந்த எல்லை முதலில் முட்டுகிறதோ அதுதான் விடை. தினம் இரண்டு கணக்கு, ஐந்து நிமிடம், ஆறு வாரமும்.

நாளின் அமைப்பு: காலையில் எல்லாப் பாடமும் கலந்த 100 கேள்வி, கடிகாரம் வைத்து 75 நிமிடம். அதை அலசுவதற்கு இரண்டரை மணி நேரம். தவறிய கேள்விக்கு மட்டுமில்லை, சரியாகப் போட்டதிலும் மற்ற மூன்று விடை ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு கேள்வி போட்டேன் என்று பெருமை பேசுகிறவர்களிடம் அலசியது எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பிற்பகல் 'கு' தாள்களும் மெட்டீரியல்ஸும். மாலையில் அட்டை. இரவு ஏழு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்கக்கூடாது, அன்று படித்தது படிவதே அப்போதுதான்.

இதை நம் ஊர் நாட்காட்டியோடு பொருத்த வேண்டும். தேர்வு 2024-ல் மார்ச் 18, 2025-ல் ஏப்ரல் 19. 2025-ல் ரமலான் மார்ச்சில் வந்ததால் ஆறு வாரத்தில் பாதி நோன்பிலேயே போனது. பெரிய வெள்ளி தேர்வுக்கு முந்தைய நாள். நோன்பு பிடிக்கிறவர்கள் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரத்தை 100 கேள்விக்குக் கொடுத்துவிட வேண்டும். அசர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் ஏறாது, அட்டை பார்க்கலாம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் புனித வாரத்தில் வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் கடைசி மாக் டெஸ்ட்டை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் கரையேறும், பழுது பார்க்கும் தட்டல் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். அதைக் குறையாக நினைக்காமல் மாக் டெஸ்ட்டை அந்தச் சத்தத்திலேயே எழுதிப் பழகுவது நல்லது, தேர்வுக்கூடத்தில் பக்கத்து சீட்டு மவுஸ் சத்தம் பிறகு உறுத்தாது. பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முதல் நாளே பார்த்துவையுங்கள். நெட் நம்பகமில்லாத இடமாக இருந்தால் ஆறு வாரத்துக்கான கேள்விகளையும் படங்களையும் ராமநாதபுரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளுங்கள், விட்டுப்போனதற்காகத் தினமும் செல்போனை நீட்டிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டாம்.

கூட்டுப் படிப்பு என்றால் இரண்டு பேர், போனில், 40 நிமிடம். ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, பாதியில் மாறிக்கொள்ளலாம். மூன்றாவது ஆள் சேர்ந்தால் கவுன்சலிங், கட்டணம், கட்-ஆஃப் என்று பேச்சு போய்விடும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஞாபகக் கேள்விகளில் விடையே தவறாக இருப்பது சகஜம். புத்தகத்தில் பார்க்காமல் ஒன்றையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

முழு மாக் டெஸ்ட் மொத்தம் நாலு போதும்: 1, 21, 31, 38-ம் நாட்களில், ஹால் டிக்கெட்டில் வரும் அதே நேரத்தில். பார்ட் ஏ-க்கு 75 நிமிடத்தில் அலாரம் வைத்து, அடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். 100 கேள்வியை முதல் சுற்றில் 60 நிமிடத்தில் கடந்து, மிச்சம் 15 நிமிடத்தைக் குறித்துவைத்ததற்குக் கொடுப்பது வசதியான கணக்கு.

விடை தெரியாததை விட்டுவிடுவதா, போட்டுவிடுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நாலில் கண்ணை மூடி ஒன்றைப் போட்டால் சராசரியாகக் கிடைப்பது கால் மார்க். ஒன்றை நீக்க முடிந்தால் முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. ஆகவே ஒன்றையாவது நீக்க முடிந்தால் போட்டுவிடுங்கள். ஒன்றுகூட நீக்க முடியாத இடத்தில் கால் மார்க்குக்காக 45 விநாடியைச் செலவழிப்பதுதான் நஷ்டம், ஐந்து விநாடியில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டு நகரலாம்.

கடைசி நாலு நாள் நோட்டும் 'கு' தாள்களும் மிச்ச அட்டைகளும் மட்டும். மையம் மதுரையில் விழுந்தால் ராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அன்றைக்கே விடிகாலையில் கிளம்பினால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்க வேண்டாம். முந்தைய நாள் மத்தியானமே போய், மையத்தின் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, உறவினர் வீடானாலும் லாட்ஜ் ஆனாலும் பக்கத்திலேயே தங்குங்கள். உறவினர் வீடென்றால் இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுவதாக முன்கூட்டியே அத்தையிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போவது முதல் யார் வீட்டில் கல்யாணம் என்பது வரை பேசி முடிக்கப் பன்னிரண்டு ஆகும். ஹால் டிக்கெட் இரண்டு பிரதி, ஒரிஜினல் அடையாள அட்டை, ஹால் டிக்கெட்டில் கேட்டிருக்கும் மற்ற காகிதங்கள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். நோட்டை அத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.